ஒரு கப்பல் கொழும்புக்கு, ஒரு கப்பல் பினாங்குக்கு
(காரியாபட்டி கூட்டத்தில் நம் ஐடி விங் தம்பி பேசியது)



நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல பஞ்சம் பொழைக்கக் கடல் தாண்டினவங்க, ஒரு கூட்டம் இலங்கைத் தேயிலைக்கு, ஒரு கூட்டம் மலாயா ரப்பருக்கு. ரெண்டு இடத்துலயும் அதே லயம், அதே கங்காணி, அதே கடன்.

அப்புறம் எங்க பாதை பிரிஞ்சது? குடியுரிமையில! 1948-ல் சட்டம் போட்டு மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது இலங்கை. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா பக்கம் எழுதியது. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கல. மலேசியாவில் 1957-லேயே ஏராளமான தமிழர் குடிமக்கள். சம்பந்தன் மந்திரி. 1960-ல் தொழிலாளர்களிடமே பங்கு வசூலித்து, கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தோட்டமே வாங்கினார்கள். தோட்டம் கைமாறித் தெருவுக்கு வந்த குடும்பங்கள் அங்கேயும் உண்டு, மறைக்கல. ஆனா கையில ஓட்டு இருந்துச்சு.

1983-க்குப் பிறகு இங்கே அகதியா வந்தவங்களிலும் மலையக வம்சம் உண்டு. பக்கத்துல மல்லாங்கிணறு முகாம். என்கூட இன்ஜினியரிங் படிச்சவன் ஒருத்தன் முகாம்லயே பிறந்தவன். பாஸ்போர்ட் இல்ல, ஆன்சைட் போச்சு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இவங்களுக்கு இடமில்லை.

மேடைக்குப் பக்கத்துல மனு இருக்கு. கையெழுத்து போட்டுட்டுப் போங்க.