நிலாவரைக் கணக்கு



அச்சுவேலித் தோட்டங்களில் விடியும்போதே இறைப்பு மிசின் ஓடத் தொடங்கிவிடும். வாய்க்காலில் வரும் தண்ணீர் ஒரு வெங்காயப் பாத்தியை நிரப்பியதும், மண்வெட்டியோடு நிற்பவர் வரம்பை வெட்டி அடுத்த பாத்திக்குத் திருப்புவார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கிணறுகளில் ஊறுவது அந்த மழைதான். பக்கத்து நவக்கிரியின் நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சாட்சி: மேலே நன்னீர், ஆழத்தில் உவர். இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்று ஊர் சொல்லும்.

கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே அந்த 1 அடி குறைந்தால், உப்பு 40 அடி மேலேறும். கூடுதலாக இறைப்பவருக்கு இன்று கிடைப்பது ஒரு போகம். உவரேறிய கிணறு போய்ச்சேர்வது இன்னும் பிறக்காதவர் கையில்.

பிறக்காதவரின் நலனைப் பொருளாதார நிபுணர்கள் வழக்கமாகக் கழித்தே எண்ணுவார்கள். ஆண்டுக்கு 5 வீதம் கழித்தால், 100 ஆண்டுக்குப் பிந்திய 100 ரூபா இன்றைக்கு 76 சதம். இப்படிக் கழிப்பது அறமாகாது என்று கேம்பிரிட்ஜின் ஃபிராங்க் ராம்சே 1928இல் எழுதினார். 26 வயதில் மறைந்த அந்த இளைஞர் சொன்னது சரி. பிந்திப் பிறந்தது குற்றமல்ல.

கழிக்காமல் எண்ணினால் வேறு சிக்கல். தலைமுறைகளுக்கு முடிவில்லையென்றால் பெரும்பாலும் எந்த வழியைக் கூட்டினாலும் தொகை முடிவிலிதான். பொருளாதார நிபுணர்கள் கௌசிக் பாசுவும் தபன் மித்ராவும் 2003இல் இரண்டு நியாயங்களை எடுத்துக்கொண்டார்கள். இரு தலைமுறைகள் இடம் மாறினால் மதிப்பு மாறக்கூடாது. ஒருவருக்கும் குறையாமல் யாரோ ஒருவர் கூடப் பெற்றால் மதிப்பு உயரவேண்டும். இரண்டையும் காத்து ஒவ்வோர் எதிர்காலத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் முறையே கிடையாது என்று நிறுவினார்கள்.

அதற்காகக் கைவிரிக்க வேண்டியதில்லை. எண் கொடுக்க முடியாவிட்டாலும் ஒப்பிடலாம். இரு வழிகளின் நலனையும் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிக்கொண்டு போவது ஒரு முறை. ஒரு கட்டத்துக்குப் பிறகு எது என்றைக்கும் முந்தி நிற்கிறதோ அதுவே மேல். எல்லா வழக்கிலும் அது தீர்ப்புச் சொல்லாது. கிணற்று வழக்கில் சொல்லும். அளவாக இறைத்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் 10 பங்கு, அள்ளி இறைத்தால் முதல் தலைமுறைக்கு 12, பிறகு எல்லோருக்கும் 9 என்று வைப்போம். மூன்றாம் தலைமுறை வரை கூட்டினால் இரண்டும் 30. நான்காவதில் 40க்கு 39. அதன்பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகும். நான்காவது தலைமுறை என்பது நமது பூட்டப்பிள்ளைகள்.

பட்டதாரிகளே, உங்களில் சிலர் நாளை பிரதேச சபையிலும் விவசாயத் திணைக்களத்திலும் அமர்வீர்கள். திட்ட அறிக்கை ஒன்று மேசைக்கு வரும்போது, அதிலுள்ள கழிவு வீதத்தை யார், எந்தக் காரணத்தால் எழுதினார் என்று கேளுங்கள். பூட்டப்பிள்ளைகள் வரை கூட்டிய கணக்கையும் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.