பிரசாதமும் மெழுகுதிரியும்
(எமது சங்கத்தின் ஒளிவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிறிஸ்தவர் ஒருவர் மத சகிப்புத்தன்மை பற்றிப் பேசினால் நல்லது என்று சங்கத்தில் கேட்டார்கள். இது சாமியார் பேசவேண்டிய விடயம். நான் ஏ.எல். மட்டும் படிச்சு, இஞ்சை வந்து மெசினோடு நிற்கிறவன். ஆனாலும் ஓம் என்று சொன்னேன். ஏனென்றால் இந்த விடயத்தில் நான் பிழை விட்டவன்.

முதலில் அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்கேல்லை. பல்லுக்கொதியைச் சகிக்கலாம். ஜெர்மனிக் குளிரை வேறு வழியில்லாமல் சகிக்கிறம். ஒரு மனிசனைச் சகிக்கிறேன் என்றால் அவன் எனக்கு ஒரு நோவு என்றுதானே அர்த்தம்?

எங்கட ஆட்கள் சிலர் சங்க விழாவுக்கு வருவதில்லை. குத்துவிளக்கு ஏற்றுகினம், சித்திரைப் புத்தாண்டு சைவரின்ரை, எங்களுக்கு என்ன என்று கேட்கினம். அவர்களுக்கு இரண்டு பழைய கதை சொல்ல விரும்புகிறேன். ஒன்று, திருக்கோணேச்சரம். 1620களில் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே திருகோணமலைக் கோட்டையைக் கட்டினார்கள். இடிக்க வந்தது ஒரு சித்திரைப் புத்தாண்டு நாளில் என்று சொல்லுவார்கள். கழுத்தில் சிலுவை போட்டவர்கள் செய்த வேலை அது. நான் மன்னார்க்காரன். 1544இல் சங்கிலி மன்னன் மன்னாரில் மதம் மாறின சனத்தை வெட்டினதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லி இதை மறைக்க ஏலாது.

மற்றக் கதை மடு மாதாவின் கதை. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. பூசை வைத்தால் தண்டனை. மாந்தையில் இருந்த சில குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். அந்தக் காடுதான் மருதமடு. கோவாவில் இருந்து யோசப் வாஸ் அடிகளார் 1687இல் பிச்சைக்காரன் வேசத்தில் வந்து இறங்கினார். பிறகு கண்டிக்குப் போனார். உளவாளி என்று பிடித்து அடைத்தார்கள். கடைசியில் பௌத்தனான கண்டி அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை விடுவித்து, தன் நாட்டில் சுதந்திரமாகத் தொண்டு செய்ய விட்டான். 1711இல் அவர் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றைக்கே மடுவுக்கும் போனார்.

இதில் யோசிக்க வேண்டியது என்ன? எங்களைத் துரத்தினவன் கிறிஸ்தவன். இடம் தந்தவன் பௌத்த அரசன். அகதியாக வந்து இன்னொருவரின்ரை நாட்டில் கோயிலும் கட்டி, தேவாலயமும் போகிற எங்களுக்கு இந்தக் கதை விளங்க வேணும்.

யேசு என்ன செய்தார் என்று பாருங்கோ. கப்பர்நாகூமில் உரோமைப் படையின் நூற்றுவர் தலைவன் ஒருவன் தன் வேலைக்காரனைச் சுகப்படுத்தச் சொல்லி வந்தான். யூதனே இல்லை, நாட்டைப் பிடித்து வைத்திருந்த படைக்காரன். யேசு அவனிடம் முதலில் உன்ரை சமயத்தை மாற்று என்று சொல்லேல்லை. தன் சொந்தச் சனத்திடம்கூடக் காணாத விசுவாசத்தை இவனிடம் கண்டதாக வியந்து, கேட்டதைச் செய்து அனுப்பினார். இப்ப எங்களில் சிலர், வருத்தக்காரன் இருக்கிற சைவ வீடாகப் பார்த்து வேதப்புத்தகத்தோடு போய் நிற்கினம். வருத்தம் பார்க்கப் போனால் தோடம்பழம் கொண்டு போங்கோ. அது காணும்.

இனி என்ரை பிழை. சில வருசங்களுக்கு முன் நான் ஒரு செபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கினேன். கோயிலில் படைத்த எதையும் தொடக்கூடாது என்று அங்கே சொன்னார்கள். என்னோடு ஒரே சிப்டில் ஒரு அண்ணை வேலை செய்கிறார், சைவக்காரர். ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர் முடிந்து வந்தவர், இடைவேளையில் எனக்கு ஒரு சின்னப் பெட்டியில் சர்க்கரைப் பொங்கல் தந்தார். நான் சிரித்துக்கொண்டு வாங்கினேன். "நல்லது அண்ணை" என்றும் சொன்னேன். அவர் திரும்பினதும் குப்பைத்தொட்டியில் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் கதவடியில் அவர் நிற்கிறார். ஒன்றும் பேசேல்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு மெசினுக்குப் போய்விட்டார்.

பிறகுதான் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் திருமுகத்தை ஆறுதலாக வாசித்தேன். படையல் சாப்பாடு அந்தக் காலத்திலேயே பிரச்சினைதான். விசுவாசி அல்லாதவர் கூப்பிட்டால் போய், வைக்கிறதைக் கேள்வி கேளாமல் சாப்பிடலாம் என்கிறார் பவுல். இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவரின் மனச்சாட்சிக்காக விடுங்கோ என்றும் சொல்கிறார். ஆகவே பிரசாதம் வேண்டாம் என்கிறவரை நான் குறை சொல்லமாட்டேன். "அண்ணை, எனக்கு மனம் ஒப்பேல்லை, குறை நினையாதேங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். அவர் ஏற்றிருப்பார். நான் செய்தது வெளியில் சகிப்பு, உள்ளுக்குள் அருவருப்பு.

அடுத்த வருசம் ஊரில் அம்மா செத்துப்போனா. எனக்குப் போக வழியில்லை. செய்தி கேட்டு முதலில் கதவைத் தட்டினது அந்த அண்ணைதான். அவரும் மனிசியும் மூன்று நாள் எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். அம்மாவுக்காகக் கேவலார் மாதாவிடம் போகவேணும் என்று நான் சொன்னபோது தன்ரை காரில் கூட்டிக்கொண்டு போனார். ஆகஸ்ட் மாதம் அங்கே போகிறவர்களுக்குத் தெரியும், எங்கட சனத்தில் சைவக்காரரும் எத்தனை பேர் மாதாவுக்கு நேர்த்தி வைத்து வருகினம் என்று. மெழுகுதிரி கொளுத்துற இடத்தில் நின்று, "தம்பி, நானும் ஒண்டு கொளுத்தலாமோ? பிழையில்லைத்தானே?" என்று கேட்டார். பூசையில் நற்கருணைக்கு அவர் எழும்பவில்லை, கையைக் கூப்பிக்கொண்டு பின்னுக்கே நின்றார். தன்ரை சமயத்தையும் விடேல்லை, என்ரை சமயத்தையும் அவமதிக்கேல்லை.

வரும் வழியில் பொங்கல் கதையை எடுத்தேன். "தெரியும், விடு" என்றார். கொஞ்சத் தூரம் போனபின், "மனிசி விடியப்புறம் எழும்பிச் செய்தது. அதுதான் எனக்குக் கவலை" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கேல்லை.

எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரேல்லை. அப்படிச் சொன்னால் அண்ணைக்கும் பிடிக்காது. யேசு என் ஆண்டவர், பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்க்கிறேன். ஆனால் 1965இல் வத்திக்கான் சங்கமே, மற்றச் சமயங்களில் உண்மையாயும் புனிதமாயும் உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறிவித்தபிறகு, நான் யார் ஒரு பெட்டிப் பொங்கலைத் தள்ள?

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஹம் தேருக்கு ஆயிரக்கணக்கில் சனம் வரும். வெயில் நேரம் வயது போனவர்கள் நடக்கக் கஷ்டப்படுகினம். இந்த முறை கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து கோயில்காரரிடம் கேட்டு, தண்ணீர்ப் பந்தல் ஒன்று போடலாம் என்று யோசிக்கிறம். கும்பிட வரத் தேவையில்லை, தண்ணி ஊத்தக் கை வேணும். இதுவரை ஐந்து குடும்பம் பெயர் தந்திருக்கினம். மற்றவர்கள் இப்ப தேத்தண்ணி நேரத்தில் என்னட்டைச் சொல்லுங்கோ. கொப்பி கையோடு வைத்திருக்கிறேன்.