முன்னரே கண்டால் போதுமா?

நோயை முளையிலேயே கண்டுகொண்டால் உயிர் பிழைக்கலாம் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

பெண்களின் சினைப்பையில் தோன்றும் புற்றுநோய் ஓசையின்றி வளர்வது. வயிற்று உப்புசம், பசியின்மை போன்ற சிறு குறிகளே தோன்றுவதால், பெரும்பாலும் முற்றிய பின்னரே அது வெளிப்படுகிறது. அப்படியானால், நலமாக இருக்கும் பெண்களையும் ஆண்டுதோறும் சோதித்தால் சாவு குறையுமா?

இதை அறிய, 2001 முதல் 2005 வரை பிரிட்டனில் 50 முதல் 74 வயதுக்குட்பட்ட 2,02,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேரைச் சோதனையின்றி விட்டார்கள். எஞ்சியோரில் ஒரு பிரிவினருக்கு இரத்தத்திலுள்ள சி.ஏ.125 என்னும் புரதத்தை அளந்தார்கள். மற்றொரு பிரிவினருக்கு ஸ்கேன் எடுத்தார்கள்.

முடிவு 2021-இல் வெளியாயிற்று. சோதனையற்ற பிரிவைவிட, இரத்தச் சோதனைப் பிரிவில் தொடக்க நிலையில் அகப்பட்ட நோய் 39 விழுக்காடு மிகுதி. ஆயினும் சாவு குறையவில்லை! மூன்று பிரிவிலும் இந்நோயால் மாண்டோர் ஏறத்தாழ 0.6 விழுக்காடே.

சோதிக்கப்படாத அந்தப் பாதிப் பேர் இல்லாதிருந்தால், நோய் தொடக்க நிலையில் அகப்பட்டதை மட்டும் கண்டு வெற்றி என்று கொண்டாடியிருப்போம். பயனற்ற சோதனையை ஊரெங்கும் பரப்பியுமிருப்போம்.

ஒன்றை மறவாதீர்கள். குறிகள் தொடர்ந்து தோன்றும் பெண் மருத்துவரை நாடத்தான் வேண்டும். இம்முடிவு அவருக்கு உரியதன்று. நம் நம்பிக்கைக்கு மாறான விடையையும் மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மையை, நீங்கள் ஆய்வுக்கூடத்தில் நுழையும் நாளில் நினைவு கொள்ளுங்கள்.