இராபின் ஊடு: பெயரும் சான்றும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வில்லேந்திய காட்டுக் கள்வன் ஒருவனை ஆங்கில மக்கள் அறுநூறு ஆண்டுகட்கு மேலாகப் பாடி வருகின்றனர். அவன் பெயர் இராபின் ஊடு. செல்வரைக் கொள்ளையிட்டு எளியோர்க்கு ஈந்தவன் என்பது அவனைப் பற்றி உலகறிந்த செய்தி. ஆயின், அவன் எந்த நூற்றாண்டினன்? எவ்வூரினன்? குடியானவனா, கோமகனா? அப்படி ஒருவன் இருந்தானா, இல்லையா? இவ்வினாக்கட்கு இருநூறு ஆண்டுகளாக வரலாற்றறிஞர்கள் ஒருவரையொருவர் மறுத்து விடை கூறி வருகின்றனர். இவ்வழக்கு ஒரு கள்வனை மட்டும் பற்றியதன்று. எழுத்தறியா மக்கள் போற்றிய ஒருவனை, எழுத்தறிந்தோர் விட்டுச்சென்ற ஏடுகளிலிருந்து எவ்வாறு மீட்பது என்பதே இதன் உட்கிடை.

முதற்கண் ஒன்றை உணர்தல் வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில், குற்றஞ்சாட்டப்பட்டு, மன்றம் பன்முறை அழைத்தும் வாராது ஓடியவன் சட்டத்தின் காவலினின்று நீக்கப்பட்டான். அவன் சட்டப் புறத்தன் ஆனான். அவனுடைய பொருள் அரசுக்குரியதாயிற்று. அப்பொருளின் மதிப்பை அரசின் எழுத்தர் கணக்குச் சுருளில் இலத்தீன் மொழியிற் குறித்தனர். அவனைப் பற்றிய பாட்டையோ மக்கள் தம் தாய்மொழியாகிய ஆங்கிலத்திற் பாடினர். கணக்கில் ஆண்டு உண்டு. ஆளின் இயல்பு இல்லை. பாட்டில் ஆளின் இயல்பு உண்டு, ஆண்டு இல்லை. இவ்விரண்டையும் இணைக்க முயன்ற இடத்திலேதான் அத்தனைப் பூசலும் எழுந்தது.

பாட்டைப் பற்றிய முதற் குறிப்பு ஏறத்தாழ 1377-ஆம் ஆண்டினது. வில்லியம் இலாங்லாந்து என்னும் பாவலரின் நூலில், சோம்பல் என்னும் இழிகுணம் ஒரு குருவாக உருவகிக்கப்பட்டு வருகின்றது. தனக்கு இறைவேண்டல் செவ்வனே தெரியாது, ஆனால் இராபின் ஊடின் பாட்டுகள் தெரியும் என்று அது ஒப்புக்கொள்கின்றது. எனவே, அதற்கு முன்பே அப்பாட்டுகள் ஊரெங்கும் பரவியிருந்தன என்பது தெளிவு.

இனி, ஆண்டு குறித்தவர்களைக் காண்போம். இசுக்காட்டுலாந்தைச் சேர்ந்த மூவர் எழுதினர். மூவரும் மூன்று காலம் கூறினர். ஏறத்தாழ 1420-இல் எழுதிய ஆண்ட்ரூ விண்ட்டன், அவனை 1283-இன் கீழ் வைத்துப் போற்றினார். 1440-களில் எழுதிய வால்ட்டர் பவர், 1266-இன் கீழ் வைத்து, கொலைஞன் என்றும் அறிவற்ற பொதுமக்களாற் கொண்டாடப்படுபவன் என்றும் இகழ்ந்தார். 1521-இல் சான் மேயர், இரிச்சர்டு மன்னன் காலத்துக்கு, அஃதாவது 1193-94-க்குக் கொண்டுசென்றார். இன்று திரைப்படங்கள் இரிச்சர்டு மன்னனோடு அவனை இணைத்துக் காட்டுவதன் வேர் மேயர் எழுத்திலேயே உள்ளது. அவர் கூறும் காலத்துக்கும் அவர் எழுதிய காலத்துக்கும் இடையே முந்நூறு ஆண்டுகட்கு மேல் ஓடிவிட்டன என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்?

காலம் மாறியதோடு நிற்கவில்லை, குடியும் மாற்றப்பட்டது. ஏறத்தாழ 1500-இல் அச்சேறிய 456 செய்யுட்கள் கொண்ட நெடும்பாட்டில் அவன் யோமன். அடிமை உழவனுமல்லன், உயர்குடியினனுமல்லன், இடைநிலைக் குடிமகன். மேரியன் என்னும் காதலியும் அப்பழம்பாட்டில் இல்லை. 1598-இல் அந்தோணி மண்டே என்பவர் எழுதிய இரு நாடகங்கள் அவனை அண்டிங்டன் கோமகனாக்கின. 1746-இல் இசுட்டூக்லி என்பார் அவனுக்கு ஓர் உயர்குடிக் கொடிவழியையே வரைந்து கொடுத்தார். கர்க்லீசு என்னுமிடத்தில் அவனுடையதாகக் கூறப்படும் கல்லறைக்கு உரியதென ஒரு கல்வெட்டு வாசகம் வழங்குகின்றது. அது திசம்பர் முதல் நாளுக்கு முந்திய 24-ஆம் நாள் என உரோம முறையில் எண்ணி, 1247 என ஆண்டும் தருகின்றது. அம்முறையில் திசம்பர் முதல் நாளை நோக்கிய எண்ணிக்கை 18-க்கு மேற்செல்லாது. இல்லாத நாளில் இறந்தவனாக அவனை எழுதிவைத்த கை, பிற்காலத்துக் கையே!

மக்கள் தம்முள் ஒருவனாகப் பாடியவனுக்கு மேற்குடியினர் மேற்குடிப் பிறப்புச் சூட்டினர். நேர்மையும் ஈகையும் குடியானவனுக்கு வாய்க்கா; அவை வாய்த்தவன் கோமகனாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அதனுள் ஒளிந்திருக்கின்றது. இப்பொய்யைத் தகர்க்கப் பழஞ்சான்றே பயன்பட்டது.

அடுத்து, சுருள்களைத் துருவியவர்கள் வந்தனர். ஆவணக் காப்பாளர் சோசப்பு அண்ட்டர் 1852-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். வேக்குபீல்டு ஊர் மன்றச் சுருளில் இராபர்ட்டு ஊடு என்பவன் உளன். இரண்டாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் 1324-இல் சம்பளம் பெற்ற இராபின் ஊடு என்னும் ஏவலன் உளன். நெடும்பாட்டிலோ எட்வர்டு என்னும் மன்னன் கள்வனை மன்னித்து அரண்மனைக்கு அழைத்துச் செல்கின்றான். ஆகவே மூவரும் ஒருவனே என்றார். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆயின், மன்னன் நாட்டிங்காமுக்கு வந்தது 1323 நவம்பரில். அவ்வாண்டு சூன் திங்களிலேயே அவ்வேவலன் சம்பளம் பெற்றமை பின்னர்க் கண்டறியப்பட்டது. பணியிற் சேர்ந்த பிறகா மன்னன் அவனைக் காட்டிற் கண்டான்? ஒரு திங்கட் கணக்கு ஒரு நூற்றாண்டுக் கொள்கையைச் சாய்த்துவிட்டது.

1936-இல் ஓவன் என்பார் யார்க்குக் கோட்டத்தின் 1226-ஆம் ஆண்டுக் கணக்கைச் சுட்டினார். ஓடிப்போன இராபர்ட்டு ஊடு என்பவனின் பொருளுக்கு மதிப்பு 32 சில்லிங்கு 6 பென்சு என்பதே அதிலுள்ள செய்தி. என்ன குற்றம் செய்தான், எங்குச் சென்றான் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. இராபர்ட்டும் ஊடும் அந்நாளில் மலிந்த பெயர்கள். பெயர் ஒத்தால் ஆளும் ஒத்தவனாவானா?

1958 முதல் வழக்கு வேறு தடத்திற் சென்றது. ஆள் யார் என்பதை விட்டு, பாட்டு யாருடையது என்று இல்ட்டன் வினவினார். பாட்டில் வரும் பகைவர்கள் செரீப்பு என்னும் கோட்டத் தலைவனும் நிலவளம் மிக்க மடத்துத் தலைவனும்; ஆகவே, 1381-இல் கிளர்ச்சியாக வெடித்த உழவர் மனக்கொதிப்பே இப்பாட்டு என்றார். 1960-இல் ஓல்ட்டு மறுத்தார். உழவனின் வாரமும் கட்டாய வேலையும் பாட்டில் எங்கே? கடன்பட்ட குதிரை மறவனுக்கன்றோ இராபின் உதவுகின்றான்? ஆகவே, இப்பாட்டு நிலக்கிழார் மனைகளிலும் அவர்தம் ஏவலரிடையும் வளர்ந்தது என்றார். இல்ட்டன் பக்கம் நின்ற மோரிசு கீன் பின்னாளில் தம் கருத்தைக் கைவிட்டார். சான்று மாறியபோது கருத்தை மாற்றிக்கொண்ட அச்செயல் இழுக்கன்று, அறிஞர்க்கு அழகு.

1984-இல் தேவிட்டு குரூக்கு வெளியிட்ட சான்று மிக நுண்ணியது. பெர்க்குக் கோட்டத்தில் 1261-இல் ஒரு கள்வர் கூட்டம் ஓடிப்போயிற்று. அதில் ஒருவன், கொல்லன் இராபர்ட்டின் மகன் வில்லியம் என்று மன்றச் சுருளில் உள்ளது. 1262-ஆம் ஆண்டுக் கருவூலக் குறிப்பிலோ அவனே வில்லியம் இராபூடு என எழுதப்பட்டுள்ளான். தந்தை பெயரிலிருந்து முற்பகுதி வந்ததென்றே கொண்டாலும், ஊடு எங்கிருந்து வந்தது? ஓடிப்போன கள்வன் எனக் கண்டதும், இராபின் ஊடின் பெயர் எழுத்தரின் நாவில் நின்றது என்பதே பொருந்தும் விளக்கம். எனவே 1262-க்கு முன்பே அப்பெயர், கள்வனைக் குறிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. 1439-இல் ஆங்கில மன்றத்துக்குச் சென்ற முறையீடு ஒன்றும் ஒரு கொள்ளைக் கூட்டத்தை இராபின் ஊடோடும் அவன் துணைவரோடும் ஒப்பிட்டுரைக்கின்றது.

இதிலிருந்து இருமுனை முடிவு பிறக்கின்றது. உண்மை இராபின் இருந்திருப்பின், அவன் 1262-க்கு முற்பட்டவன். அண்ட்டரின் ஏவலன் வழக்கினின்று நீங்குகின்றான். அதே வேளையில், 1262-க்குப் பின் ஏட்டில் வரும் எந்த இராபின் ஊடும் பெயர் சூட்டப்பட்ட வேறொருவனாக இருக்கக்கூடும். ஓவன் காட்டியவனை 1225-இல் யார்க்குக் கோட்டத்திற் பிடித்துத் தூக்கிலிடப்பட்ட வெதர்பி ஊர் இராபர்ட்டு என்னும் கள்வனோடு ஒருங்கே வைத்து எண்ணிப் பார்க்கின்றார் குரூக்கு. அவனைத் தொங்கவிடச் சங்கிலி வாங்கிய செலவும் கணக்கில் உளது. இருவரும் ஒருவரே என்பதற்கு நேர்ச்சான்று இல்லை.

2009-இல் இலக்சுபோர்டு என்பார், ஏறத்தாழ 1460-இல் ஒரு துறவி ஏட்டின் ஓரத்தில் எழுதிய 23 இலத்தீன் சொற்களை வெளியிட்டார். செர்வுட்டுக் காட்டையும் சட்டத்துக்கடங்கிய பிற பகுதிகளையும் ஓயாது கொள்ளையிட்டவன் இராபின் என்கின்றது அக்குறிப்பு. மக்கள் போற்றினர்; மடம் தூற்றியது. இரண்டுமே சான்று. ஆனால், இரண்டும் அவனைப் பற்றியவை என்பதைவிட, சொன்னவரைப் பற்றியவை.

பெருமக்களே! இவ்வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயினும் அது உறுதியாக்கிய மூன்று உள. ஒன்று, 1262-க்கு முன்பே அப்பெயர் பரவியிருந்தது. இரண்டு, பழம்பாட்டில் அவன் குடிமகன். கோமகன் என்பது 16-ஆம் நூற்றாண்டினர் ஒட்டிய ஒட்டு. மூன்று, பெயரொப்புமை மட்டும் சான்றாகாது. போற்றப்படுவோன்பால் கொண்ட பற்று ஆய்வைத் தொடங்கி வைக்கலாம். முடித்து வைத்தல் கூடாது. பொய்க் கல்லறை கட்டியவரும் பற்றாளரே. அவர் இராபினுக்குப் பெருமை சேர்க்கவில்லை. அவனைத் தேடுவோரின் வழியிற் குழி தோண்டினர். மெய்யான பெருமைக்குப் பொய்யான முட்டு எதற்கு?