பிரிந்த ஏடுகளும் சேர்ந்த பார்வையும்

ஓர் அரசு தன் குடிமக்களை எவ்வாறு அறிகிறது? ஒவ்வொருவரையும் நேரில் கண்டு அறிதல் இயலாது. பதிவேடுகளின் வாயிலாகவே அறிகிறது. பள்ளியில் ஓர் ஏடு, மருத்துவமனையில் ஓர் ஏடு, வரி அலுவலகத்தில் ஓர் ஏடு என ஒரு மனிதரின் வாழ்க்கை பல இடங்களிலே பிரிந்து கிடக்கிறது. அவ்வேடுகளைச் சேர்த்துப் படித்தால் மாற்றுத்திறனாளிகளின் வாழ்வு சிறக்க வழி பிறக்குமா? ஆஸ்திரேலிய நாட்டினர் இவ்வினாவுக்குக் கண்டுவரும் விடையை இன்று சிறிது ஆராய்வோம்.

2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 55 இலட்சம் பேர். அதாவது, ஐவரில் ஒருவருக்குச் சற்று மேல். ஆஸ்திரேலியா ஒரு கூட்டாட்சி நாடு. அரசுப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துவன மாநில அரசுகள். வருமான வரி தண்டுவதும் உதவித்தொகை வழங்குவதும் மத்திய அரசு. செவிப்புலன் குன்றிய மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவள் பள்ளியிலே பெற்ற சிறப்புப் பயிற்சி மாநிலத்தின் ஏட்டில் இருக்கும். பின்னர் அவள் ஈட்டிய ஊதியம் மத்திய அரசின் ஏட்டில் இருக்கும். அத்தகைய பயிற்சி பெற்றோருள் எத்தனை பேர் வேலையில் அமர்ந்தனர் என்னும் எளிய வினாவுக்கு, தனித்தனியே நிற்கும் எந்த ஏடும் விடை கூறாது. விடை தெரியாதபோது, பயன் தரும் திட்டத்தையும் பயனற்ற திட்டத்தையும் பிரித்தறிவது எங்ஙனம்?

இக்குறையை நீக்க எழுந்ததே ‘தேசிய மாற்றுத்திறனாளர் தரவுத் தொகுப்பு’. இதன் முன்னோட்டம் 2021ஆம் ஆண்டில் நிறைவுற்றது. மத்திய அரசும் மாநில, பிரதேச அரசுகளும் கூடி இதனை உருவாக்கி வருகின்றன.

இணைக்கும் முறையும் அறியத்தக்கதே. பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றைக் கொண்டு, இரண்டு ஏடுகளில் உள்ளவர் ஒருவரே என்று கண்டறிவோர் ஒரு சாரார். அவர்களுக்கு நோயும் ஊதியமும் பற்றிய செய்திகள் காட்டப்படுவதில்லை. அச்செய்திகளை ஆராய்வோர் மற்றொரு சாரார். அவர்களுக்குப் பெயர் காட்டப்படுவதில்லை. இவ்வாறு ஒருவர் கையில் முழுச்செய்தியும் சேராதவண்ணம் பணி பிரிக்கப்படுகிறது.

இத்துணைக் காவல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். விடை அந்நாட்டின் அண்மை வரலாற்றிலேயே இருக்கிறது. 2015 முதல் 2019 வரை அங்கே ‘ரோபோடெட்’ என்று மக்கள் பெயரிட்டழைத்த திட்டம் ஒன்று நடைபெற்றது. வரி ஏட்டையும் உதவித்தொகை ஏட்டையும் இயந்திரம் ஒப்பிட்டது. ஓராண்டு வருமானத்தை இரு வாரத்துக்கு ஒன்றாகச் சமமாகப் பங்கிட்டு, இலட்சக்கணக்கானோர் அரசுக்குக் கடன்பட்டதாக அது தவறாகக் கணக்கிட்டது. சில மாதமே வேலை கிடைத்த ஏழைக்கு ஆண்டு முழுதும் சமமான வருவாய் ஏது? அத்திட்டம் நேர்மையும் அன்று, சட்டத்துக்கு உட்பட்டதும் அன்று என்று விசாரணை ஆணையம் 2023இல் அறிவித்தது. ஏடுகளை இணைப்பது ஒரு கருவியே. அது உதவும் கையிலும் இருக்கலாம், ஒறுக்கும் கையிலும் இருக்கலாம்.

ஆகவேதான், புதிய தொகுப்பைக் கொண்டு எந்தத் தனி மனிதரின் உதவியையும் குறைக்கவோ, அவர்மீது நடவடிக்கை எடுக்கவோ கூடாது என்று வரையறுத்துள்ளனர். அதனை வழிநடத்தும் குழுவிலே மாற்றுத்திறனாளிகளும் அமர்ந்திருக்கின்றனர். இது சலுகையன்று, உரிமை. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, அரசுகள் தக்க புள்ளிவிவரங்களைத் திரட்ட வேண்டும் என்றும், அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்றும் ஒருங்கே பணிக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை புள்ளியியல் வல்லுநராகவும் ஆட்சியாளராகவும் விளங்கப் போகிறீர்கள். எண்கள் உங்கள் மேசைக்கு வரும்போது அவற்றைத் துல்லியமாகக் கூட்டுங்கள். அதனோடு, இக்கணக்கு யாருக்காக, எண்ணப்பட்டவர் இதற்கு இசைவாரா என்றும் வினவுங்கள். அவ்விரு வினாக்களும் உடன் நிற்கும்போதுதான் கணக்கு அறமாகும்.