குளிர்நீரும் உடல்வெப்பமும்

'தண்ணீர்' என்னும் சொல்லிலேயே தண்மை உள்ளது. வெயிலில் நடந்தார்க்கு இன்பந்தரும் அத் தண்மையே அத்துலாந்திக்குப் பெருங்கடலில் கூற்றமாயிற்று. 1912 ஏப்பிரல் 15, பின்னிரவு 2.20 மணிக்குத் தைத்தானிக்குக் கப்பல் மூழ்கியது. மாண்டோர் ஏறத்தாழ 1,500 பேர். அவருட் பலர் மிதப்புடை அணிந்தே இருந்தனர். தலை நீருக்கு மேலேதான் இருந்தது. அவர்களைக் கொன்றது குளிர்.

அந்நீர் உறைநிலைக்கும் ஏறத்தாழ 2 பாகை கீழே இருந்தது. உப்பு மிகுதியால் உறையவில்லை. நீரோ காற்றினும் ஏறத்தாழ 25 மடங்கு வெப்பங்கடத்தும் இயல்பினது. வீழ்ந்த நொடியே மூச்சுத் திணறும்; நெஞ்சாங்குலை படபடக்கும்; சிலர்க்கு அப்போதே நின்றும்விடும். பின்னர்த் தோலின் குருதிக்குழாய்கள் சுருங்கி, உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காக்க முயலும். அதற்கு விலையாவன கையும் காலும்! பத்து மணித்துளி கழிந்தால் எறிந்த கயிற்றைப் பற்றவும் விரல் மடங்காது. நீந்தினால் சூடு பிறக்குமென்பர். அத்தகு நீரில் பிறப்பதினும் இழப்பதே மிகுதி. உள்வெப்பம் 37 பாகையினின்று 30-ஐ நெருங்கும்போது நினைவு மயங்கும்.

படகுகள் பலவற்றில் இடமிருந்தது. திரும்பிச் சென்று தேடியவை மிகச் சிலவே. கார்ப்பேத்தியாக் கப்பல் வந்து சேர்ந்தபோது மணி நான்கு. படகிலிருந்தோரை மட்டுமே அது ஏற்றிக்கொண்டது.