வயதைச் சொல்ல வெட்கப்படலாமா?

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மாதர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலித் தாய் ஒருவர் ஆற்றிய உரை)

 

இந்தக் கூட்டத்தில் பேசவேண்டும் என்று கேட்க வந்த சகோதரி, அழைப்பிதழில் போடுவதற்காக என் வயதையும் கேட்டார்கள். "அறுபது தாண்டிவிட்டது, போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். தாண்டி ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதைச் சொல்ல வாய் வரவில்லை! முதுமையை மகிழ்வோடு ஏற்பது பற்றிப் பேச வந்தவள் முதல் கேள்வியிலேயே தோற்றுப்போனேன். ஆகவே இப்போது உங்கள் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது 67.

ஆண்கள் வயதைச் சொல்லும்போது அதில் ஒரு பெருமை இருக்கிறது. நமக்கோ தலையில் முதல் நரை கண்டதுமே ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல ஒரு கூச்சம். என் பாட்டிக்கு ஐம்பது வயதுகூட ஆகியிராது. வெள்ளைச் சேலையும் வெற்றிலை உரலுமாகத் திண்ணையில் சுவரோடு சாய்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தார்கள். அந்த முப்பது ஆண்டுகளை யாருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவர்கள் உட்பட.

முதலில் உடம்பைப் பற்றிப் பேசுகிறேன். கோவில் மண்டபத்தில் இதையெல்லாம் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. சாமியார் அவர்களிடம் முன்கூட்டியே உத்தரவு வாங்கிவிட்டேன்! நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. சூலகத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைவதே அதற்குக் காரணம். அந்த நாட்களில் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும், இரவில் தூக்கம் வராது, காரணமில்லாமல் அழுகை வரும். நான் மருத்துவமனையில் 34 ஆண்டுகள் வேலை செய்தவள். ஆயினும் எனக்கு அது வந்தபோது யாரிடமும் சொல்லவில்லை. பூசை நேரத்தில் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் "மின்விசிறி சரியில்லை" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். படித்தவளின் நிலையே இது என்றால் மற்றவர்களை என்ன சொல்வது!

சுரப்பு குறைந்தபின் எலும்பு வேகமாகத் தேய்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விலையுயர்ந்த சத்து மாவு டப்பாவைத் தேடி ஓடவேண்டாம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்திலி இருக்கிறது. காலை வெயிலில் நடக்கக் காசு கேட்பார் யாரும் இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆனபிறகு மறுபடியும் உதிரம் பட்டால், அது ஒரு துளியே ஆனாலும், அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் போகவேண்டும். பெரும்பாலும் அது சிறு கோளாறாகவே இருக்கும். சில வேளைகளில் கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கும்; முதலிலேயே கண்டால் குணமாக்க முடியும். எங்கள் வார்டுக்கு வந்த ஒரு தாய் இரண்டு ஆண்டுகள் அதை மறைத்து வைத்திருந்தாள். ஏனம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். "மருமகள் வீட்டில் இருக்கும்போது இந்த வயதில் இதைப்போய் எப்படிச் சொல்வது?" என்றாள். அந்த வெட்கம் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அடுத்தது, ஒதுங்கி நிற்கும் வழக்கம். 2009ல் என் கணவர் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து மூத்த மகளுக்குத் திருமணம். பூசைக்குப் புறப்படுமுன் தாலித் தட்டைத் தொட்டு வாழ்த்த எல்லா மாதர்களையும் கூப்பிட்டார்கள். யாரும் என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நானாகவே அடுப்படிக்குள் போய், பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல நின்றுகொண்டேன். பெற்று வளர்த்தவள் அடுப்படியில். தூரத்து உறவுகள் தாலியைத் தொடுகிறார்கள். லூக்காஸ் நற்செய்தியில் வரும் அன்னாவும் ஒரு கைம்பெண்தான். ஏழே ஆண்டுகள் கணவனோடு வாழ்ந்தவள், வயது 84. குழந்தை இயேசுவைக் கோவிலுக்குக் கொண்டுவந்தபோது அவள் தூணுக்குப் பின்னால் ஒளியவில்லையே! முன்னால் வந்து எல்லாரிடமும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினாள். 2014ல் இளைய மகளின் திருமணத்தில் நான் அடுப்படிக்குப் போகவில்லை. தட்டில் முதலில் பட்டது என் கைதான். என் நாத்தனார் முணுமுணுத்தார்கள். பிறகு பாயசம் நன்றாக இருக்கிறதென்று இரண்டு கிண்ணம் குடித்தார்கள்.

இனிச் சொத்து விஷயம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும். கணவர் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். இதை அறியாமல், முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு பத்திர அலுவலகத்துக்குப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட தாய்மார்கள் எத்தனை பேர்! என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குக் கை நடுங்கியது. படித்துப் பார்க்காமல் போடமாட்டேன் என்றேன். படித்தபின் போடவே மாட்டேன் என்றேன். என் மகன் பதினொரு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு பதினொரு மாதம்! பல இரவுகள் "போட்டுத் தொலைத்திருக்கலாமே" என்று அழுதிருக்கிறேன். அவன் கெட்டவன் அல்லன். தாய்க்குத் தனியாக எதற்கு என்று எல்லாரும் நினைப்பதைத்தான் அவனும் நினைத்தான். இன்று இந்த மண்டபத்துக்கு என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டவனும் அவனே.

பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கொடுங்கள். ஆனால் என்னைக் காப்பாற்றவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து, பிறகு கவனிக்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம். 60 வயது நிறைந்தவர்கள் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். வாய்ச் சொல்லை நம்பி எழுதிக் கொடுத்தவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள்.

நேரமாகிவிட்டது, பின்னால் காப்பி வந்துவிட்ட வாசனை வருகிறது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கொடிமரத்துக்குப் பக்கத்தில் உள்ள அறையில் இருப்பேன். மற்றவர்கள் எதிரில் கேட்கக் கூசும் விஷயம் எதுவானாலும் அங்கே வந்து கேளுங்கள், கதவைச் சாத்திக்கொள்ளலாம். பெயரோடு வயதையும் சீட்டில் எழுதவேண்டும். சரியான வயதை எழுதுங்கள், நானும் எழுதிவிட்டேன்.